எரிந்த ரியூப் மணத்தோடு வந்த வைரவர்

மச்சான்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை கொடிகாமம் சந்தையடியில், நாற்பத்தேழு வயதும் மூன்று பிள்ளைகளும் சபைப் பாடகர் குழுவில் இருபது வருட அனுபவமும் உள்ள ஒரு விஞ்ஞான ஆசிரியர், சைக்கிளை விட்டு இறங்கி, கண்ணை மூடி, மூக்கை உயர்த்தி, தெருவோரத்தில் கடவுளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். வேறு யார், நான்தான்.

பக்கத்தில் ஒருவர் சைக்கிள் ரியூப்பைச் சூடாக்கி ஒட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் எரிகிற மணம். உன்னிடம் வைரவர் அந்த மணத்தோடுதானே வருவார். என்னிடமும் ஒருதரம் தலைகாட்டிவிட்டுப் போனால் அவருக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன். வந்தது கடவுள் அல்ல, கத்தரிக்காய் விற்கிற மனுசி.

“என்ன மாஸ்டர், தலைச்சுத்தே? காலமை சாப்பிடேல்லையோ?”

“இல்லை அம்மா, ஒரு யோசினை.”

“யோசினையை நிழலுக்கை நிண்டு யோசியுங்கோவன். உந்த வெய்யிலுக்கை ஆருக்கும் விசர் வரும்.”

இது முதல் தடவையும் அல்ல. நீ போன ஒரு வருடத்துக்குள் நான் இப்படி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது இது நாலாந்தரம். என் மனுசிக்கு மட்டும் இதைச் சொல்லிவிடாதே. சொல்ல மாட்டாய். அதுதான் செத்தவர்களுக்கு எழுதுவதில் உள்ள வசதி.

நாம் இருவரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். பன்னிரண்டு வயதில், கணக்குப் பாடத்தின் நடுவில், நீ முதல்முதலாக விழுந்தாய். வாத்தியார் நீ கணக்குக்குத் தப்பப் பார்க்கிறாய் என்று பிரம்பை எடுத்தார். கையும் காலும் வெட்டி இழுத்ததைக் கண்டு பிரம்பைப் போட்டுவிட்டு யன்னலால் பாய்ந்ததும் அவர்தான். இரண்டாந்தரம் உங்கள் ஒழுங்கை வைரவர் கோயில் மடையில் விழுந்தாய். வருடத்துக்கு ஒருதரம் வைரவருக்குப் படையல் வைக்கிற அந்த நாளில், உடுக்கு அடிக்க அடிக்க நீ விழுந்தது உன் நல்ல காலம். பூசாரியார் பார்த்தார், “உரு வந்திட்டுது!” என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு நீ எங்கே விழுந்தாலும் அது வருத்தம் அல்ல, வைரவர் உன்மேல் ஏறுகிற உரு. சனம் களவுபோன மாட்டைப் பற்றியும் வராத மாப்பிள்ளையைப் பற்றியும் உன்னிடம் குறி கேட்பதுபோலக் கட்டுக் கேட்கத் தொடங்கியது. மயக்கம் தெளிகிறபோது நீ முணுமுணுத்ததை எல்லாம் பூசாரியார் பொழிப்புரை சொல்லுவார். பெரிய கோயில்களுக்குத் தேர் இருந்தது. எங்கள் ஒழுங்கை வைரவருக்கு நீ இருந்தாய்.

நீயே ஒருமுறை சொன்னாய்: “வருத்தமெண்டால் பொம்பிளை தரமாட்டினம் மச்சான். உரு எண்டால் வாசல்லை கொண்டுவந்து தருவினம்.” தந்தார்கள்தான். நல்ல மனுசியாகவும் தந்தார்கள்.

மானிப்பாயிலிருந்து பண்டத்தரிப்புக்குப் போகிற ரோட்டில் நீ சைக்கிள் கடை போட்ட பிறகு, உன் கடவுளின் வரவில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டானது. நாள் முழுக்க ரியூப் எரிகிற இடத்துக்கு, ரியூப் எரிகிற மணத்தோடு ஒரு கடவுள் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு நீயும் உன் மனுசியும் ஒரு பரிசோதனை வைத்திருந்தீர்கள். ஆய்வுகூடத்தில் நான் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியவற்றுள் அவ்வளவு ஒழுங்கானது ஒன்றில்லை. மணம் வந்ததும் உள்ளே பார்த்துக் கேட்பாய்:

“இஞ்சை, மணக்குதோ?”

குசினிக்குள்ளிருந்து “ஓம், மணக்குது” என்று பதில் வந்தால் அது ரியூப். வேலையைத் தொடருவாய். “இல்லையப்பா, ஒண்டும் மணக்கேல்லை” என்றால் அது வைரவர். ஸ்பனரைக் கீழே வைத்து, சாரத்தை ஒழுங்காக்கி, நிலத்தில் இருந்துகொள்வாய்.

“என்னடாப்பா நடக்கிறது அப்ப?” என்று நான் கேட்காத மாதம் இல்லை. நீயும் அலுக்காமல் சொல்லுவாய்.

“பெரிசா ஒண்டும் இல்லை மச்சான். மணம் வரும். பேந்து ஒரு அமைதி. உந்த ஸ்பனர், உந்த எண்ணெய்ப் போத்தில், ஒழுங்கையிலை நிக்கிற ஆடு, எல்லாம் தன்ரை தன்ரை இடத்திலை நிக்கிற மாதிரி இருக்கும். ஒண்டும் பிழையில்லை. எல்லாம் சரி. பேந்து நான் இல்லை.”

எனக்குப் பொறாமை, மச்சான். நான் உபதேசியாரின் மகன். தொட்டிலில் கிடந்தபோதே சங்கீதம் கேட்டவன். வாலிப வயதில் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் எல்லாரும் உருகி அழ, எனக்கு ஒன்றும் வராமல், மானம் போகப்போகிறதே என்று கைலேஞ்சியில் வெங்காயம் பொத்திக்கொண்டு போய் அழுதவன். ஒரு நாளைக்கு ஒரு தடவை தேவாரம் பாடவும் மறந்துபோகிற உனக்கு, பஞ்சர் ஒட்டுகிற இடத்திலேயே எல்லாம் சரியாகத் தெரிகிறது. இதை எப்படிப் பொறுப்பது? பொறாமைப்பட்டவன் என்ன செய்வான்? விஞ்ஞானம் பேசுவான்.

சண்டையில் பாதை பூட்டி, வெளியிலிருந்து சாமான் வருவது நின்று, மின்சாரமும் போன முதல் வருடம் அது. பின்னேரங்களில் உன் கடையில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ போட்டுச் செய்தி கேட்போம். அன்று சுற்றுகிற முறை என்னுடையது. பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அதைவிட நல்ல வகுப்பறை கிடைக்குமா?

“பார் மச்சான். நான் சுத்தினால் றேடியோ கதைக்குது. விட்டால் நிக்குது. உன்ரை தலையும் உப்பிடித்தான். காதுக்கு மேலை, உள்ளுக்கை, ஒரு இடம் இருக்கு. மணமும் அங்கைதான், ஞாபகமும் அங்கைதான், ‘எல்லாம் சரி’ எண்ட நினைப்பும் அங்கைதான். அதுக்கை மின்சாரம் தாறுமாறா ஓடினால் உனக்கு ரியூப் மணக்கும். உன்ரை வைரவர் அந்த இடத்துக்குள்ளைதான் குடியிருக்கிறார்.”

நீ ஒரு றிம்மை நிமிர்த்திக்கொண்டிருந்தாய். தலை தூக்கவில்லை.

“சுத்தாட்டி றேடியோ கதைக்காது. அது சரி. அதுக்காகச் செய்தி வாசிக்கிறவர் என்ரை டைனமோவுக்குள்ளையே குந்திக்கொண்டிருக்கிறார்?”

சனம் சிரித்தது. நான் விடவில்லை. “வாறது செய்திதான் எண்டதுக்கு என்ன சாட்சி? வெறும் கரகரப்பாயும் இருக்கலாமே?”

“கரகரப்புக்கும் செய்திக்கும் வித்தியாசம் தெரியாட்டி, மச்சான், அது காதின்ரை பிழை.”

அதற்கு நான் பதில் தேடிக்கொண்டு நின்றதில் கை ஓய்ந்துவிட்டது. “மாஸ்டர், வாயை விட்டிட்டுப் பெடலைச் சுத்துங்கோ. முக்கியமான இடத்திலை செய்தி நிண்டுபோச்சு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பட்டதாரி ஆசிரியனை எட்டாம் வகுப்போடு விலகியவன் பத்துப் பேர் முன்னிலையில் வென்ற விதம் அது.

ஆனால் விளையாட்டு அல்ல. உன் வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு முழங்கால் உயரம். உன் மனுசி உன்னை அதனடிக்குத் தனியே விடுவதில்லை. வளர்ந்த ஆண்பிள்ளைக்கு அவதான் அள்ளி ஊற்றுவா. “ஒரு குளிசை இருக்காம், மாஸ்டர், நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோவன்” என்று என்னிடம் இரகசியமாக அழுதிருக்கிறா. அந்த மாத்திரையைப் பற்றி நான் சொன்ன போதெல்லாம் நீ ஒரே கேள்விதான் கேட்டாய்:

“குளிசை குடிச்சு, அவர் வராட்டி?”



பிறகு ஒரு நாள் மனுசி சந்தைக்குப் போயிருந்த நேரம். “மணக்குதோ?” என்று நீ கேட்டதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. ரியூப் ஒட்டுகிற சூட்டு இரும்பின் மேல் வலது கையோடு விழுந்தாய். நான் உன்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு மானிப்பாய்க்கு மிதித்தேன். அங்கே ஒரு டொக்டர் அம்மா தன் வீட்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தா. மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே கலியாணம் முடித்து வந்தவ. உன் கையைப் பார்த்தா. பதறிப்போய்க் கேட்டா:

“அய்யய்யோ, இப்படிப் பொத்துப் போயிருக்கே! ரொம்ப வலி இருக்கா?”

வலி. உன் வீட்டில் முப்பது வருடமாக ஒருவரும் வாய் திறந்து சொல்லாத சொல் அது. நமக்குக் கை சுட்டால் நோகும், பல்லுக் குத்தினால் நோகும். வலி என்றால் விழுந்து வெட்டி இழுக்கிற அந்த வலிப்பு மட்டும்தான். நீ என்னை முறைத்தாய். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

“ஆர் சொன்னது?” என்றாய்.

“யாராவது சொல்லணுமா? பார்த்தாலே தெரியுதே! எப்ப இருந்து வலி?”

நீ தலை குனிந்தாய். “பன்னிரண்டு வயசிலையிருந்து.”

பஞ்சு எடுத்த கை அப்படியே நின்றது. “பன்னிரண்டு வயசுல இருந்தா? இந்தக் கையிலயா?”

“கையிலை இல்லை டொக்டர். தலையிலை. முதல்லை மணம் வரும். பேந்து விழுந்திடுவன்.”

“அப்ப கை?”

“கை நோகுது. அது வேறை.”

டொக்டர் அம்மா கதிரையை இழுத்துப் போட்டு உனக்கு முன்னால் இருந்தா. கையைக் கட்டிக்கொண்டே அரைமணி நேரம் மணத்தைப் பற்றிக் கேட்டா. போகும்போது ஒரு சின்னப் போத்திலில் வெள்ளைக் குளிசைகள் தந்தா.

திரும்பி வரும் வழியில் பின்னாலிருந்து நீ சொன்னாய்: “நீயும் சொல்லேல்லை. மனுசியும் சொல்லேல்லை. அந்த அம்மா என்னை முந்திக் கண்டதுமில்லை. நேரை கேட்டா பார், ‘வலி இருக்கா’ எண்டு! அது அவவின்ரை கதை இல்லை மச்சான். வைரவர்தான் வாயிலை நிண்டு கேட்டவர். அவரே கேட்டால் குடிக்கத்தானே வேணும்.”

இந்தியச் சஞ்சிகைகளை வரி விடாமல் வாசிக்கிற எனக்கு, அவர்களுடைய வலி நம்முடைய நோ என்று தெரியும். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும். நான் வாழ்நாளில் ஒரு தவறைத் திருத்தாமல் விட்டது அன்று ஒருநாள்தான். வாயை மூடிக்கொண்டு மிதித்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன், கோவிக்காதே: வைரவர் கேட்கவில்லை, மதுரை கேட்டது.

குளிசை வேலை செய்தது. மூன்று மாதம் நீ விழவில்லை. ஒரு காலை நீ தனியே கிணற்றடிக்குப் போய், துலா கிறீச்சிட, அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினாய். உன் மனுசி வேலியோரம் ஒளித்து நின்று ஒவ்வொரு வாளியாக எண்ணினா. நாற்பது வாளியாம். எனக்கு அதைச் சொல்லும்போது கலியாணப் பொம்பிளை மாதிரி இருந்தா.

ஆனால் கடையில் நீ ரியூப்பை ஒட்டுவதும் மோந்து பார்ப்பதுமாக இருந்தாய்.

“கிணறு கிடைச்சுது மச்சான். வீட்டிலைதான் ஆரோ இல்லாத மாதிரிக் கிடக்கு.”

ஊர் சும்மா இருக்குமா? “குளிசைக்குப் பயந்த வைரவரைக் கும்பிட்டென்ன, விட்டென்ன?” என்று கட்டுக் கேட்க வந்தவர்கள் முகத்தைச் சுழித்தார்கள். பூசாரியார் என்னை நடுரோட்டில் மறித்தார். “மாஸ்டர், நீங்கள் வேதக்காரர். உங்கடை ஆளோடை உங்களுக்கு என்ன பிரச்சினையும் இருக்கட்டும். எங்கடை வைரவரிலை ஏன் கை வைச்சனீங்கள்?” எனக்குக் குற்றவுணர்வில் மூன்று இரவு நித்திரை இல்லை. ஒரு மனிதனின் கடவுளைப் போத்திலில் அடைத்தவன் என்று பேர் எடுத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு சபையில் பாடுவேன்?

“வாற மடை வரைக்கும் பாப்பன்,” என்றாய். “அண்டைக்கும் அவர் வரேல்லையெண்டால் உந்தப் போத்திலைக் கிணத்துக்கை போட்டிடுவன்.”

“போத்திலுக்குப் பின்னாலை நீயும் விழுவாயடா.”

“விழுந்தால் விழுறன். தனிய விழமாட்டன்தானே.”

உன் மனுசி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா.

மடையன்று கோயில் வீதி நிறையச் சனம். நான் வேதக்காரன் என்ற மரியாதைக்குக் கயிற்றுக்கு வெளியே, புளியமரத்தின் கீழே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று எனக்கு அப்படி ஒரு தடிமன். மூக்கு இரண்டும் அடைத்து, மல்லிகைப்பூவுக்கும் கருவாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத நிலை. உடுக்கு ஏறியது. பூசாரியார் தட்டைத் தூக்கினார். சுடர் சுழன்றது. ஒருவரும் வைரவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் உன்னைத்தான் பார்த்தார்கள். நான் உன் முழங்கால்களைப் பார்த்தேன்.

நீ விழவில்லை. திரும்பினாய். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கயிற்றைத் தாண்டி, நேரே என்னிடம் வந்தாய்.

“மச்சான், கற்பூரம் மணக்குதோ?”

என் மூக்கின் நிலையை இப்போதுதானே சொன்னேன். ஆனால் உன் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நாற்பது வாளியையும் நினைத்தேன்.

“ஓம். நல்லா மணக்குது,” என்றேன்.

“உண்மையாவோ? உனக்கும் மணக்குதோ?”

“ஓமடா. கற்பூரந்தான்.”

நீ சிரித்தாய். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாய். “எத்தினை வருசம் உந்தக் கோயில்லை நிண்டிருப்பன்! ஒருநாளும் எனக்குக் கற்பூரம் மணத்ததில்லை. எந்த நாளும் அந்த ரியூப்தான். இண்டைக்குத்தான் மச்சான்… பார், உந்த மரம், உந்தச் சனம், உன்ரை ஓட்டைச் சைக்கிள், எல்லாம் தன்ரை இடத்திலை நிக்குது. எல்லாம் சரி. முந்தி அவர் வரேக்கை நான் இருக்கமாட்டன். இண்டைக்கு ரெண்டு பேரும் நிக்கிறம்!”

பூசாரியார் தட்டோடு ஓடிவந்தார். உரு என்று நினைத்துவிட்டார். “வைரவரே, கட்டுச் சொல்லும்! சனம் காத்துக்கொண்டு நிக்குது!”

நீ அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாய். “வைரவரும் நிக்கிறார், நானும் நிக்கிறன், பூசாரியார். கட்டு ஒண்டும் இல்லை. உங்கடை சைக்கிளிலை முன் பிறேக் பிடிக்கேல்லை. நாளைக்குக் கொண்டுவாங்கோ.”

ஒரு கணம் உடுக்கும் நின்றது. பிறகு யாரோ ஒரு கிழவி சிரித்தா. பிறகு வீதி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பே எப்படியோ அரோகராவாக மாறியது. அதில் எல்லாவற்றுக்கும் மேலே கேட்ட குரல், இருபது வருடம் சபையில் பயின்ற என்னுடையதுதான். அடுத்த ஞாயிறு போதகர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பூசாரியார் அடுத்த நாள் சைக்கிளைக் கொண்டுவரவில்லை. அதற்கடுத்த நாள் சந்தியில் முன் பிறேக் அறுந்து நேரே ஒரு வெங்காயப் பாத்திக்குள் போனார். கட்டுப் பலித்துவிட்டது என்று ஊர் மறுபடி உன் காலில் விழுந்தது. உன் மனுசியின் கிணறு அவவுக்கு, உன் வைரவர் உனக்கு, என் விஞ்ஞானம் எனக்கு. அந்த மடையில் எல்லாரும் வென்றோம், பூசாரியாரின் பிறேக் ஒன்றைத் தவிர.

அதன்பிறகு நீ ஒரு நாளும் குளிசையைத் தவறவிடவில்லை. டொக்டர் அம்மாவிடம் முடிந்தபோது, கொடிகாமத்தில் ஒரு மருந்துக்காரரிடம் வருகிறதென்று கேள்விப்பட்டு நான் மிதித்துப் போய் வாங்கி வந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் இப்போதும் அந்தப் பக்கம் போனால் இறங்கி நிற்கிறேன். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது வைரவரும் அல்ல, காதுக்கு மேலே உள்ள இடமும் அல்ல. ஒரு நுளம்புக் கடி. நான்கு நாள் மலேரியாக் காய்ச்சல். எங்கள் முப்பது வருட வாதத்தை அந்த நுளம்பு கேட்டே இருக்காது.

உன் கடையை இப்போது உன் மனுசி நடத்துகிறா. உன் ஒட்டைவிட அவவின் ஒட்டு நன்றாக நிற்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் கடவுள் மூளைக்குள் இருக்கிறாரா என்று கேட்டால், செய்தி வாசிக்கிறவர் டைனமோவுக்குள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறேன். உன் பேரைச் சொல்வதில்லை, என் சொந்தச் சரக்கு என்றே நினைக்கட்டும். சில பின்னேரங்களில், காரணமில்லாமல் வீடும் முற்றமும் மனுசியின் ஏச்சும் எல்லாம் தன் தன் இடத்தில் நிற்கிற மாதிரி ஒரு கணம் வரும். உடனே கேட்பேன், “இஞ்சை, மணக்குதோ?” என்று. “கறி அடிப்பிடிக்குது, அதுகூடத் தெரியேல்லையே உங்களுக்கு?” என்று பதில் வரும். பரவாயில்லை. கேட்கிற பழக்கம் உன்னிடமிருந்து வந்தது. அதை விடமாட்டேன்.

இந்த மட்டில் எழுதி, மடித்து, வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். இன்று காலை உன் கடையில் பூசாரியாரைக் கண்டேன். மறுபடியும் முன் பிறேக்தான். எழுதிய சூட்டோடு சூடாக அந்த மடையையும், நீ வந்து கற்பூரம் மணக்குதோ என்று கேட்டதையும் அவருக்குப் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“கற்பூரமோ? பாதை பூட்டின வருசமல்லோ அது. அந்த முறை ஏது மாஸ்டர் கற்பூரம்? நான் தேங்காயெண்ணெய்த் திரியல்லோ காட்டினனான்.”